கோவிந்தாபுரம் குறியீட்டெண்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு போகிற பஸ்ஸில் ஏறிக் கண்ணயர்ந்துவிட்டால், கோவிந்தாபுரத்தில் மாநிலம் மாறியது தெரியாது. இந்தப் பக்கம் தென்னந்தோப்பு, அந்தப் பக்கம் முதலமடையின் மாந்தோப்பு. கடைப் பலகையில் எழுத்து இன்னும் கொஞ்சம் சுருளும், பேச்சு சுருளாது. இங்கேயும் தமிழ், அங்கேயும் தமிழ். நடுவே ஒரு செக்போஸ்ட். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிக்காரர்களின் மேசையைத் தூக்கிவிட்டது. மிச்சமிருக்கும் மேசைகளை அவ்வப்போது விஜிலன்ஸ்காரர்கள் வந்து செக் செய்துவிட்டுப் போகிறார்கள்.

இந்தச் செக்போஸ்டுக்குப் பக்கத்தில், கேரள எல்லைக்குள் இருக்கும் டீக்கடை ஒன்றில்தான், போன தீபாவளிக்கு மறுநாள், உலகத்துக் கம்ப்யூட்டர் தொழிலாளர்களின் சம்பளமும் வாழ்க்கைத் தரமும் நாடுவாரியாக ஒப்பிடப்பட்டன. நான் சாட்சி.

ஒப்பிட்டவர் எங்கள் ஊர் மாந்தோப்புக்காரர் ஒருவரின் மகன். வயது முப்பத்தொன்று. இரண்டு வருடம் அமெரிக்காவில் ஆன்சைட் இருந்துவிட்டு இப்போது பெங்களூரில் இருக்கிறார். அடுத்து எங்கே போவது என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்காக லேப்டாப்பில் ஒரு எக்ஸெல் ஷீட் வைத்திருந்தார். பதினான்கு நாடு, இருபத்திரண்டு பத்தி. சம்பளம், வரி, வீட்டு வாடகை, லீவு, பால் விலை, பருப்பு விலை, குளிர், கோயில் இருக்கிறதா, இட்லி மாவு கிடைக்குமா. பெண் பார்க்கப் போகிறவன்கூட இத்தனை பொருத்தம் பார்க்க மாட்டான்.

கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரு மேஸ்திரி. வயது ஐம்பத்தாறு. செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லைக்குள் வீடு. இந்தப் பக்கம் வேலை. தினமும் காலையில் கரண்டியும் மட்டப்பலகையுமாகச் சர்வதேச எல்லை கடக்கிற தோரணையில் வருவார்.

“ஏனுங்க தம்பி, இந்த சி.டி.சி.ங்கறது கைக்கு வர்ற காசுங்களா?”

“இல்ல மேஸ்திரி. கம்பெனிக்கு என்னால எவ்வளவு செலவாகுதோ, அது.”

மேஸ்திரி கொஞ்சம் யோசித்தார். “அப்ப எருமைக்குத் தவிடு, புண்ணாக்கு, கயிறு, ஊசி எல்லாத்தையும் கூட்டிப் போட்டு, எருமையோட சம்பளம் இவ்வளவுன்னு சொல்ற மாதிரிங்க.”

இதைவிடச் சரியாக எந்த எம்.பி.ஏ. பேராசிரியரும் சொல்லிக் கேட்டதில்லை. கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கு அதில் இருக்கும். ஐந்து வருடம் தாக்குப்பிடித்தால் கிடைக்கப்போகிற கிராஜுட்டி இருக்கும். நோய் வந்தால் மட்டுமே கண்ணில் படும் இன்ஷூரன்ஸ் இருக்கும். கம்பெனி நன்றாக நடந்து, டீம் நன்றாக நடந்து, மேனேஜருக்கு அன்று மனசும் நன்றாக இருந்தால் வரும் ‘வேரியபிள்’ இருக்கும். எல்லாம் போக மிச்சம் இருப்பதுதான் டேக் ஹோம். கல்யாணப் பத்திரிகையில் அச்சாவது முதல் தொகை, பெங்களூர் பி.ஜி.யில் நான்கு பேர் படுக்கும் அறைக்கு வாடகை கொடுப்பது கடைசித் தொகை.

மேஸ்திரி விடவில்லை. “புதுசா சேர்ற பசங்களுக்கு எத்தனைங்க?”

எண்கள் எல்லாம் ஊரறிந்தவை. பெரிய கம்பெனிகள் புது இஞ்சினியருக்குப் பத்துப் பன்னிரண்டு வருடமாக மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே செக்கு மாடாகச் சுற்றுகின்றன. 2024 ஆகஸ்டில் காக்னிசன்ட் ஆண்டுக்கு 2.52 லட்சம் என்று ஒரு வேலையை அறிவித்தது. நாடே சிரித்தது. அது இஞ்சினியர்களுக்கு இல்லை, மூன்று வருட டிகிரி படித்தவர்களுக்கு என்று கம்பெனி விளக்கம் சொன்னது. பி.எஸ்சி. படித்தவனுக்கு வயிறு முக்கால் அளவு போலிருக்கிறது.

மேஸ்திரி விரலை மடக்கினார். 2,52,000-ஐ 12-ஆல் வகுத்தால் மாதம் 21,000. ரிசர்வ் வங்கி வெளியிட்ட கணக்குப்படி 2022-23இல் கேரள கிராமத்துக் கட்டிடத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி 852 ரூபாய் 50 காசு. இருபத்தைந்து நாள் வேலை செய்தால் 21,312 ரூபாய் 50 காசு. மூன்று வருடம் காலேஜுக்குப் பீஸ் கட்டிப் படித்தவனைவிடச் சிமென்ட் குழைப்பவருக்கு 312 ரூபாய் 50 காசு கூடுதல். லேப்டாப் மௌனமானது.

“அது ஸ்டார்ட்டிங்தான் மேஸ்திரி. எங்களுக்கு குரோத் இருக்கு.”

“எங்களுக்குந்தானுங்க. சித்தாளா இருந்தேன், கொத்தனாரானேன், மேஸ்திரியானேன். அப்புறம் முட்டி வலி.”

*

ஷீட்டில் முதல் வரிசை அமெரிக்கா. சம்பளத்தில் அதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் உள்ளே போவதற்கு வருடத்துக்கு 65,000 எச்-1பி விசா, அங்கேயே மேல்படிப்பு முடித்தவர்களுக்கு இன்னொரு 20,000. அதற்கு லட்சக்கணக்கில் மனு. அதனால் குலுக்கிப் போட்டுத்தான் எடுத்துவந்தார்கள். தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரிக்குத் தடை விழுந்தது. அதனால்தான் எங்கள் ஊரில் கேரள லாட்டரிக் கடைகளுக்கு இவ்வளவு வியாபாரம். செக்போஸ்ட் தாண்டி வந்து அதிர்ஷ்டம் வாங்கிப் போகிறார்கள். சீட்டுக்கு ஐம்பது ரூபாய் கொடுக்கும் கூலிக்காரரைப் பார்த்து ‘உழைக்காமல் பணம் வரணும்னு பார்க்கிறான்’ என்று தலையில் அடித்துக்கொள்பவர்கள் வீட்டில், மார்ச் மாதமானால் அமெரிக்கக் குலுக்கலுக்குப் பிள்ளையார் கோயிலில் அர்ச்சனை நடக்கும்.

குலுக்கலில் விழுந்துவிட்டால்? வேலை இருக்கும்வரை ராஜா. வேலை போனால் அறுபது நாள். அதற்குள் வேறு வேலை, வேறு விசா, இல்லாவிட்டால் பெட்டி. வீட்டுக் கடன், கார் கடன், பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி அந்த நாட்டுப் பாட்டுப் பாடும் குழந்தை எல்லாம் இருந்தும் அறுபதே நாள். வேலை வழியாகத் தரும் கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டாருக்கும் வருடத்துக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. அதனால் இந்தியர் வரிசை பல பத்தாண்டு நீளம். அப்பா வரிசையில் நிற்கும்போதே பிள்ளைக்கு 21 வயதாகிவிட்டால், பிள்ளை அப்பாவின் விசாவிலிருந்து கழன்றுவிடும். 2025 செப்டம்பர் 19 அன்று அதிபர் டிரம்ப் புதிய எச்-1பி மனு ஒவ்வொன்றுக்கும் ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று கையெழுத்துப் போட்டார். ஏறத்தாழ 88 லட்சம் ரூபாய். புது மனுவுக்கு மட்டும்தான் என்று மறுநாள் விளக்கம் வருவதற்குள், லீவில் ஊருக்கு வந்தவர்கள் மொட்டை போட்ட தலையோடு விமான நிலையத்துக்கு ஓடினார்கள். அன்றைக்கு ஷீட்டில் ‘வாழ்க்கைத் தரம்’ பத்தியில் என்ன எண் இருந்தது என்று கேட்டேன். தம்பி டீயை ஊதினார்.

அடுத்து ஜெர்மனி. ஐந்து நாள் வாரத்துக்குக் குறைந்தது இருபது நாள் சம்பளத்தோடு லீவு என்று சட்டமே சொல்கிறது. பல கம்பெனிகள் முப்பது நாள்வரை தருகின்றன. வரி, காப்பீடு என்று சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். “அதுதான் இடிக்குது” என்றார் தம்பி. அந்தக் காசில்தான் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் வேலை போனால் உதவித்தொகையும் என்பதை ஷீட் ‘பிடித்தம்’ என்று எழுதியிருந்தது. பெங்களூரில் தண்ணீர் லாரிக்கும், தனியார் பள்ளிக்கும், தனியார் ஆஸ்பத்திரிக்கும் கொடுப்பதை மட்டும் ‘செலவு’ என்று எழுதியிருந்தது. பிடித்தால் வரி, பிடுங்கினால் செலவு.

பிரான்சில் வாரம் 35 மணி நேரம். 2017 முதல் வேலை நேரம் முடிந்தபின் ஆபீஸ் மெயிலைத் திறக்காமலிருக்க உரிமை. 2024இல் ஆஸ்திரேலியாவும் அதே உரிமையைக் கொடுத்தது. நம் நாடாளுமன்றத்துக்கும் அப்படி ஒன்று தனிநபர் மசோதாவாக வந்தது. வந்த நாள்முதல் தனியாகவே கிடக்கிறது.

இந்தியாவுக்கு வந்தோம். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் அதைத் 90 ஆக்கினார்; ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவி முகத்தைப் பார்ப்பீர்கள் என்றும் கேட்டார். 2023-24இல் அவருடைய சம்பளம் ஏறத்தாழ 51 கோடி. அவர் கம்பெனியின் நடுநிலை ஊழியர் வாங்குவதைப்போல் ஐந்நூறு மடங்குக்கு மேல். அந்தச் சம்பளத்துக்கு நானும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன். 2024இல், கொச்சியிலிருந்து புணேவுக்குக் கணக்குத் தணிக்கை வேலைக்குப் போன 26 வயதுப் பெண் நான்கே மாதத்தில் இறந்துபோனாள். வேலைப்பளுதான் காரணம் என்று அவள் அம்மா கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். நாடு ஒரு வாரம் துக்கம் கொண்டாடியது. எட்டாவது நாள் எல்லோரும் லாகின் செய்தார்கள்.

*

“பாருங்கண்ணா,” என்று தம்பி என் பக்கம் திரும்பினார். குரலில் நிஜமான வலி இருந்தது. “அதே கோடு. அதே கிளையன்ட். அங்க உக்காந்து எழுதுறவனுக்கு ஒரு சம்பளம், இங்க உக்காந்து எழுதுற எனக்கு அதுல அஞ்சுல ஒரு பங்கு. கேட்டா காஸ்ட் ஆஃப் லிவிங்ங்கிறான். என் மூளைக்கு ஊருக்கு ஊர் வேற விலையா? இது அநியாயம் இல்லையா?”

அநியாயம்தான். சந்தேகமே இல்லை. சிலிக்கான் பள்ளத்தாக்குக்காரனுக்குத் திறமை கூடுதல், அதனால் சம்பளம் கூடுதல் என்பது பொய். அவன் எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்தான். இவர் இந்தப் பக்கம் பிறந்தார். அவ்வளவுதான். இதை நிரூபிக்கக் கலிபோர்னியா போக வேண்டாம். எங்கள் செக்போஸ்டே போதும். அதே ரிசர்வ் வங்கிக் கணக்கில் தமிழ்நாட்டுக் கட்டிடத் தொழிலாளிக்கு நாள்கூலி 500 ரூபாய் 90 காசு. அதே மேஸ்திரி, அதே கரண்டி, அதே முட்டி வலி. செக்போஸ்ட் தாண்டினால் சராசரி 351 ரூபாய் ஏறுகிறது. பேரிகார்டைத் தாண்டும்போது மேஸ்திரிக்கு மூளை வளர்ந்ததா என்ன?

அந்த 351 ரூபாய் எங்கிருந்து வந்தது? கேரளத்தான் நல்லவன் என்பதாலா? வயலில் கதிரறுத்தவர்கள் செங்கொடி பிடித்து அடிபட்டார்கள். 1974இல் விவசாயத் தொழிலாளர் சட்டம், 1978இல் சுமட்டுத் தொழிலாளர் சட்டம். ஒவ்வொரு ரூபாய்க்குப் பின்னாலும் ஒரு மறியல் இருக்கிறது. இதைச் சொன்னதும் தம்பி சிரித்தார்.

“யூனியன்தான கேரளாவையே கெடுத்துச்சு. நோக்கு கூலி! சும்மா நின்னு பார்த்ததுக்குக் கூலி. உலகத்துல எங்கயாவது உண்டா?”

உண்டு. லாரியிலிருந்து சரக்கை மெஷின் இறக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்ததற்கு வாங்கிய நோக்கு கூலியைக் கேரள அரசு 2018 மே 1 முதல் ஒழித்தது. நீங்கள் எழுதும் கோடைப் பக்கத்தில் நின்று பார்ப்பதற்கு டீம் லீட், அவரைப் பார்ப்பதற்கு மேனேஜர், அவரைப் பார்ப்பதற்கு டெலிவரி ஹெட், எல்லோரும் பார்ப்பதை வாரம் ஒருமுறை வீடியோவில் பார்ப்பதற்கு ஒரு வைஸ் பிரசிடென்ட். கொச்சிச் சந்தையில் ஒழிந்த நோக்கு கூலி பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒழியவில்லை. அங்கே அதற்குப் போனஸும் உண்டு.

யூனியன் வேண்டாம் என்பவர்களுக்கு எது கிடைக்கும் என்பதும் தெரிந்த கதைதான். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் கூச்சல் போட்டதில், பத்தே நாளில், மே தினத்தன்று முதல்வர் அதைத் திரும்பப் பெற்றதாக அறிவித்தார். 2024 ஜூலையில் கர்நாடகத்தில் ஐ.டி.க்காரர்களுக்குப் பதினான்கு மணி நேரம் என்று ஒரு யோசனை கிளம்பியது. எதிர்த்துத் தெருவுக்கு வந்தது அங்குள்ள ஐ.டி. ஊழியர் சங்கம். “நீங்க அதுல மெம்பரா?” என்று கேட்டேன். “அய்யய்யோ, அதெல்லாம் பிரொபைலுக்கு ஆகாதுண்ணா” என்றார் தம்பி. அடிமைக்கு விலங்கு கனக்கவில்லை. லிங்க்டினில் தெரிந்துவிடுமோ என்பதுதான் கவலை.

அப்போதுதான் மேஸ்திரி, யாரையும் பார்க்காமல், டீயை மட்டும் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“அப்பாவோட தோப்புல இப்ப நாள்கூலி எத்தனைங்க தம்பி?”

அந்தத் தோப்பில் எண்ணூற்றைம்பது கிடையாது. பக்கத்தில்கூட வராது. சராசரி என்பது கொச்சிக்காரர் வாங்கும் கூலியை எங்கள் கணக்கிலும் எழுதிவைப்பது. மாங்காய் சீசனில் ஆள் பிடிக்க அப்பா காலையில் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் ஜீப் அனுப்புகிறார். ஏன்? அங்கே கூலி மட்டம். அதற்கும் கட்டுப்படியாகாவிட்டால் வங்காளத்திலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். கேரள அரசு அவர்களை மரியாதையாக ‘அதிதித் தொழிலாளி’ என்கிறது. விருந்தாளி! தகரக் கொட்டகையில் பத்துப் பேரைப் படுக்கவைக்கும் விருந்து. மாங்காய்க்கு மருந்தடிக்கிறவர்களுக்கு முகத்தில் கட்ட ஒரு துண்டு; அதுவும் அவர்களுடையது. இது என்ன? ஆஃப்ஷோரிங் தம்பி. உங்கள் அப்பா பாலக்காட்டு மாவட்டத்தின் முதல் அவுட்சோர்சிங் கம்பெனி. கிளையன்ட் மட்டும் மாம்பழ வியாபாரி.

தம்பி சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். “அது மார்க்கெட் ரேட் மேஸ்திரி. அந்த ரேட்டுக்கு ஆள் வருதுல்ல?”

இதுதான் இந்த நூற்றாண்டின் பொருளாதாரம் முழுவதும். நியூஜெர்சியைப் பார்க்கும்போது அநியாயம். எல்லைக்கு அந்தப் பக்கத்து அம்பராம்பாளையத்தைப் பார்க்கும்போது மார்க்கெட். மேலே பார்க்கும் கண்ணில் கண்ணீர். கீழே பார்க்கும் கண்ணில் கால்குலேட்டர். அமெரிக்க முதலாளிக்கு இவர் மலிவு. இவர் அப்பாவுக்கு மேஸ்திரியின் தம்பி மலிவு. மேஸ்திரியின் தம்பிக்குப் பதில் வங்காளி மலிவு. ஒவ்வொருவனும் தனக்கு மேலே உள்ள செக்போஸ்டை உடைக்கச் சொல்கிறான். தனக்குக் கீழே உள்ள செக்போஸ்டுக்குக் காவல் நிற்கிறான்.

*

கேரளம் கேரளம் என்று நான் பெருமை பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். இதே மாநிலத்தில், இதே எல்லையில், தெற்கே மூணாறு இருக்கிறது. அங்கே தேயிலை கிள்ளுகிறவர்களும் தமிழர்கள்தான்; தலைமுறை தலைமுறையாக லயத்து வீட்டில் இருப்பவர்கள், பெரும்பாலும் தலித்துகள். 2015இல் அவர்களுடைய நாள்கூலி 232 ரூபாய். செங்கொடி ஏந்திய அதே கேரளத்தில்! அந்த செப்டம்பரில் ஆயிரக்கணக்கான பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்று ரோட்டில் உட்கார்ந்தார்கள். கம்பெனியை மட்டும் எதிர்த்தல்ல. கம்பெனியோடு கைகுலுக்கிக்கொண்டிருந்த யூனியன் தலைவர்களையும் எதிர்த்து. ஒன்பது நாளில் 20 சதவீத போனஸ் வாங்கினார்கள். அடுத்து கூலி 301 ஆனது. எந்த எக்ஸெல் ஷீட்டும் இல்லாமல் தங்கள் விலையைத் தாங்களே திருத்தியவர்கள் அவர்கள். சங்கம் கெட்டுப்போனால் வேறு சங்கம் கட்டலாம் என்பதற்கு அவர்கள்தான் பாடம். சங்கமே வேண்டாம் என்பதற்கு அல்ல.

ஐந்து வருடம் கழித்து, 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாற்றுக்கு மேலே பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த எழுபது பேர் போனார்கள். மறுநாள் இரவு கரிப்பூரில் துபாயிலிருந்து வந்த விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்தது. கேரள அரசு இரங்கியது. விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம். லயத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு ஐந்து லட்சம். ஏன் என்று பலர் கேட்டார்கள். இரண்டு விபத்திலும் செத்தவர்கள் பெரும்பாலும் கூலிக்குப் போனவர்களும் அவர்கள் வீட்டாரும்தான். ஒரு பக்கம் வளைகுடாக் கூலி, இன்னொரு பக்கம் தேயிலைக் கூலி. வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட ஆயிரம் குறியீட்டெண் இருக்கிறது. சாவின் தரத்தை ஒப்பிட்டு, இரண்டுக்கு ஒன்று என்று விகிதம் போட்டுக் கையெழுத்திட்ட பெருமை நம்முடையது.

*

தம்பி பேச்சை மாற்றினார். “சம்பளத்தை விடுங்கண்ணா. ஒர்க் கல்ச்சர்னு ஒண்ணு இருக்கு. அங்க மேனேஜரையே பேர் சொல்லித்தான் கூப்பிடணும். சார் போட்டா அவனுக்குப் பிடிக்காது. எல்லாரும் சமம். இங்க அது வராது.”

வராது. எப்படி வரும்? இவ்வளவு நேரமும் முப்பத்தொரு வயதுக்காரர் ஐம்பத்தாறு வயதுக்காரரை ‘வா, போ, மேஸ்திரி’ என்கிறார். ஐம்பத்தாறு முப்பத்தொன்றை ‘வாங்க, போங்க தம்பி’ என்கிறது. தம்பி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மேஸ்திரி நிற்கிறார். பெஞ்சில் இடம் இருந்தது. நான் நகர்ந்தும் உட்கார்ந்தேன். “பரவாயில்லீங்க” என்று நின்றுகொண்டே குடித்தார்.

எங்கள் ஊரின் பெயர் ஒருமுறை கேரளம் முழுக்கப் பத்திரிகையில் வந்தது. 2017 ஜூன். கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியின் அருந்ததிய மக்கள், கேரள அரசுப் பட்டியலில் சக்கிலியர், டீக்கடையில் தங்களுக்குத் தனி கிளாஸ், குடிநீர்க் குழாயிலும் ஒதுக்கல் என்று வெளியே வந்து சொன்னார்கள். கேமராக்கள் வந்தன, கட்சிகள் வந்தன. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று மறுத்தவர்களும் வந்தார்கள். நாராயண குருவின் மாநிலத்தில் தனி கிளாஸா என்று திருவனந்தபுரம் அதிர்ச்சி அடைந்தது. ‘அது தமிழர்கள் பழக்கம், எல்லை தாண்டி வந்தது’ என்று ஆறுதலும் அடைந்தது. தேங்காய் லாரியை நிறுத்திச் சோதிக்கும் செக்போஸ்டில் சாதியை நிறுத்தி ரசீது கேட்க ஆள் இல்லை.

எல்லை தாண்டுவது அதற்குப் புதிதும் அல்ல. 2020இல் கலிபோர்னியா மாநில அரசுத் துறை, சிஸ்கோ கம்பெனியில் தலித் இஞ்சினியர் ஒருவரை மேல்சாதி இந்திய மேலதிகாரிகள் ஒதுக்கியதாக வழக்குப் போட்டது. மேலதிகாரிகள் மீதான வழக்கைப் பிறகு 2023இல் விட்டுவிட்டது. கம்பெனி மீதானது தொடர்ந்தது. 2022இல் கூகுளில் சாதி பற்றித் தலித் செயற்பாட்டாளர் தேன்மொழி சௌந்தரராஜன் பேச ஏற்பாடான கூட்டம் ஊழியர் சிலரின் எதிர்ப்பால் ரத்தானது. உலகத்தின் எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கும் கம்பெனிக்கு இந்த ஒரு கேள்வி மட்டும் ஆகவில்லை. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய அதேபோன்ற மசோதாவை ஆளுநர் நியூசம் அக்டோபரில் நிராகரித்தார். இருக்கிற சட்டமே போதுமாம். அந்த மசோதாவை எதிர்த்து அங்கே வரிந்துகட்டி நின்றவர்களில் நம்மவர்களும் உண்டு. இந்தியாவிலிருந்து போகும் மூளைக்குக் கிரீன் கார்டு கிடைக்கப் பல பத்தாண்டு. மூளைக்குள் உட்கார்ந்து போகும் சாதிக்கு லாட்டரியும் இல்லை, லட்சம் டாலரும் இல்லை. பிறப்பிலேயே கிரீன் கார்டு.

*

1986இல் லண்டன் எக்கனாமிஸ்ட் பத்திரிகை, ஊருக்கு ஊர் பர்கர் விலையை வைத்து நாணய மதிப்பை ஒப்பிட ஆரம்பித்தது. பர்கரை வைத்து உலகத்தை அளக்கலாம் என்றால் டீ கிளாஸை வைத்து அளக்கக் கூடாதா? கோவிந்தாபுரம் குறியீட்டெண் என்று பெயர் வைத்து, தம்பியின் ஷீட்டில் இன்னும் நான்கு பத்தி சேர்க்கச் சொன்னேன்.

ஒன்று: வேலை போன அறுபத்தொன்றாம் நாள் நீ எங்கே இருப்பாய்? இரண்டு: இந்தச் சம்பளத்துக்காக உனக்கு முன்னால் அடிபட்டவர் யார், அவர் சங்கத்தில் நீ இருக்கிறாயா? மூன்று: உனக்குக் கீழே வேலை செய்பவருக்கு உன் வீட்டில் என்ன கூலி? நான்கு: எத்தனை கிளாஸ்?

“நாலாவதுக்கு இப்ப எல்லா இடத்துலயும் ஒண்ணுதாண்ணா” என்று சிரித்தார் தம்பி. கடையைக் காட்டினார். உண்மைதான். கிளாஸே இல்லை; எல்லாம் காகிதக் கப். தனி கிளாஸ் வைத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். காகிதக் கப்பின் மேல் எந்த வழக்கும் நிற்காது. யார் வாய் வைத்ததோ என்ற கவலையும் இல்லை. குடித்தவரே கசக்கி எறிந்துவிடுவார். சமத்துவத்தைச் சட்டத்தால் கொண்டுவர முடியாததால் ‘யூஸ் அண்ட் த்ரோ’ வழியாகக் கொண்டுவந்துவிட்டோம். தம்பியின் கம்பெனியும் அதே வழிதான். அவருக்குத்தான் அது இன்னும் தெரியவில்லை.

அப்போது வீடு வீடாகக் குப்பை எடுக்கும் ஹரித கர்ம சேனையின் பச்சைச் சீருடையில் காலனி அக்கா ஒருவர் சாக்குப்பையோடு வந்தார். தீபாவளிக் குப்பை; பை அவர் உயரத்துக்கு இருந்தது. கீழே கிடந்த கப்புகளைக் குனிந்து பொறுக்கினார். தம்பியைப் பார்த்ததும் நின்றார். இந்த ஊர்களில் வீட்டுக்கு மாதம் ஐம்பது ரூபாய். அந்தக் காசிலிருந்துதான் இவர்களுடைய கூலி.

“வீட்டுல மூணு மாசம் பாக்கிங்க தம்பி. நூத்தம்பது. அப்பாகிட்டக் கேட்டா உங்ககிட்டக் கேக்கச் சொல்றாருங்க.”

தம்பிக்கு முகம் சுருங்கியது. “நாங்க குப்பையே போடறதில்லையேக்கா. தோப்புலயே எரிச்சிடறோம். அப்புறம் எதுக்கு மாசாமாசம்? சும்மா வந்து பார்த்துட்டுப் போறதுக்கு அம்பதா?”

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். மேஸ்திரி செக்போஸ்டைப் பார்த்தார். மடியிலிருந்து சில்லறை எடுத்துத் தன் டீக்குக் கொடுத்துவிட்டு, காலிக் கப்பைக் கீழே எறியாமல் அக்கா விரித்துப் பிடித்த சாக்குக்குள் போட்டார்.

லேப்டாப் திறந்தே இருந்தது. கர்சர் ஜெர்மனி வரிசையில் மின்னிக்கொண்டிருந்தது.